நாலு மணிக்கு வந்துடுவான்

என் மாமியார் ரேணுகாம்பாள் பொங்கலன்று மத்தியானம் செத்துப்போனார். பானை பொங்கி, படையல் போட்டு, ஒரு வாய் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டவர், "என்னமோ நெஞ்ச அடைக்குதுடி" என்று சுவரோரம் சாய்ந்தார். டாக்டரைக் கூட்டி வருவதற்குள் ஆள் இல்லை. வருஷத்தில் எத்தனையோ நாள் இருக்க, இந்த நாளைப் பார்த்தா போக வேண்டும் என்று எனக்கு அவர்மேல் கோபமாக வந்தது. உயிரோடு இருந்தவரைக்கும் எங்களுக்குள் அப்படித்தான்.

அவருக்கு ஒரே மகன் மூர்த்தி, என் புருஷன். துபாயில் வெல்டர் வேலை. போய் இரண்டு வருஷம் முடிந்திருந்தது. மகள் ஜோதியம்மாளை உள்ளூரிலேயே கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவள் புருஷன் சக்கரபாணி பஸ் ஸ்டாண்டில் தனியார் பஸ்களுக்கு டைம் கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்கு எடுத்தது, எத்தனை மணிக்கு எங்கே போய்ச் சேரும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எண்பத்து மூன்றாம் வருஷத்தில் எங்கள் குடும்பத்தில் படித்தவர் என்றால் அவர்தான்.

எதிரில் கண்ணாயிரம் அண்ணனின் மளிகைக் கடையில் போன் இருந்தது. அங்கிருந்து துபாய்க் கம்பெனிக்கு டிரங்க் கால் போட்டுச் செய்தி சொன்னோம். பொழுது சாய்கிற நேரத்தில் என் புருஷனே திரும்பக் கூப்பிட்டார். சக்கரபாணி அண்ணன்தான் முதலில் பேசினார். எத்தனை மணிக்கு ஃப்ளைட், எத்தனை மணி நேரம் ஓட்டம், எங்கே மாற வேண்டும், மாற எத்தனை மணி நேரம் ஆகும் என்று பஸ் ஸ்டாண்டில் கேட்பதுபோல் அடுக்கடுக்காகக் கேட்டுவிட்டு ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"ஆதி, நான் வர்றதுக்குள்ள அம்மாவ எடுத்துடாதீங்க. மொகத்த ஒரு தடவ பாக்கணும்."

"நீங்க வாங்க. நீங்க வராம எடுக்க விடமாட்டேன்."

அதற்குமேல் லைன் இல்லை. வாக்குக் கொடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. அதைக் காப்பாற்றுவது யாரிடம் இருக்கிறது என்று அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன்.

இராமலிங்கம் மாமாவிடம் இருந்தது. அவர் என் மாமனாரின் அண்ணன். மாமனார் போன பிறகு எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும் அவர் சொன்னால்தான் நடக்கும். சாமி எங்கள் தெருவுக்கு வரும்போது நின்று பூசை வாங்கிக்கொள்கிற மண்டகப்படிக்கும் அவர்தான் பொறுப்பு. சாமி வருவது பொங்கலுக்கு மறுநாள், திருவூடல் அன்று. சாமிக்கும் அம்மனுக்கும் சண்டை வந்து, அம்மன் கோபித்துக்கொண்டு கோயிலுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்கிற நாள். அவர்களுக்கு வருஷத்தில் ஒரு நாள் சண்டை. எனக்கும் என் மாமியாருக்கும் மீதி எல்லா நாளும்.

"நாளைக்கு சாயங்காலம் சாமி தெருவுக்குள்ள வரணும்," என்றார் மாமா. வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருந்தார். "தெருவுல பொணம் கெடந்தா சாமி எப்பிடி வரும்? காலைலயே எடுத்துட்டு, தெருவக் கழுவி உட்டுடலாம். மூர்த்திக்கு விதி இல்லன்னு நெனச்சிக்க வேண்டிதுதான். கொள்ளிய எம்புள்ள வைப்பான்."

நான் உள்ளேயிருந்து ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் சக்கரபாணி அண்ணன் தன் மகளின் பள்ளிக்கூட அட்லஸைக் கொண்டுவந்து மாமாவின் மடியில் விரித்தார். பூ கட்டுகிற நூலில் ஒரு முனையைத் துபாய் மேல் வைத்து, மறுமுனையைப் பம்பாய் மேல் வைத்து அழுத்தினார். நூலை எடுத்து ஓரத்தில் இருந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தார்.

"ஆயிரத்தித் தொள்ளாயிரம் கிலோமீட்டர் வருது மாமா. பஸ்ஸா இருந்தா ரெண்டு நாள் ஓடணும். பிளேனு மூணு மணி நேரத்துல வந்துடுது."

"நடுவுல எங்கியும் நிக்காதா?"

"கடலு மேல எங்க மாமா நிக்கும்? பாயின்ட் டு பாயின்ட்டு." பிறகு விரல் விட்டு எண்ணினார். "காலைல நாலு மணிக்கு அங்க எடுக்கறான். மூணு மணி நேரம் ஓட்டம். ஏழு மணிக்குப் பம்பாய். அங்க எறங்கி, செக்கிங் முடிச்சி, மூணு மணி நேரம் கழிச்சி மெட்ராஸ் பிளேனு. பத்து. அது ரெண்டு மணி நேரம். பன்னெண்டுக்கு மீனம்பாக்கம். நம்ம கண்டக்டரோட மச்சான் அம்பாசடரு வச்சிகினு அங்க நிப்பான். நாலு மணி நேரத்துல இங்க. சாயங்காலம் நாலு மணிக்கு மூர்த்தி வந்துடுவான்."

மாமா அட்லஸையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திண்டிவனத்துக்கு அப்பால் போனதில்லை. பச்சையும் நீலமுமாக இருந்த அந்தத் தாளில் என்ன கண்டாரோ, நூலை எடுத்துச் சுருட்டி அண்ணனிடம் கொடுத்தார்.

"செரி. நாலு மணி. நாலு அடிச்சா எடுத்துடணும். அவன் வந்தாலும் செரி, வராட்டியும் செரி. கழுவிக் கோலம் போடவாச்சும் நேரம் வேணும்."

அப்படித்தான் முடிவாயிற்று. ஐஸ் கம்பெனியிலிருந்து கட்டிகளை வாங்கிவந்து மரத்தூளோடு பக்கத்தில் அடுக்கினார்கள். நான் மாமியாரின் தலைமாட்டில் உட்கார்ந்து விளக்கு அணையாமல் பார்த்துக்கொண்டேன்.

மறுநாள் விடிந்தும் வெளிச்சம் வரவில்லை. அந்த வருஷம் மார்கழி போயும் மூட்டம் போகவில்லை. மலை பாதிக்குமேல் தெரியவில்லை. சக்கரபாணி அண்ணன் டீத்தூக்கோடு உள்ளே வந்து எனக்கும் ஜோதிக்கும் ஊற்றிக் கொடுத்தார். தன் எச்எம்டி வாட்சைப் பார்த்தார்.

"ஏழு. பம்பாய்ல எறங்கிட்டான்மா," என்றார்.

நான் வழக்கம்போல் சுவரைப் பார்த்தேன். கடிகாரம் ஐந்தரை காட்டியது.

அந்தக் கடிகாரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் புருஷன் துபாய் போகிறபோது வாங்கி மாட்டிவிட்டுப் போனது. மணிக்கு மணி அடிக்கும். அடித்தால் வாசலைத் தாண்டிக் கேட்கும். மாட்டின கையோடு அதைத் துபாய் நேரத்துக்குத் திருப்பி வைத்தார். நம் நேரத்துக்கு ஒன்றரை மணி பின்னால். "அம்மா, இதுல எட்டு அடிச்சா எனக்கு எட்டு. நான் அப்ப வேலைல இருப்பேன்" என்று தன் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தார். கிழவி அதைப் பிடித்துக்கொண்டது. நான் ஒருதரம் சரியான மணி வைக்கப் போய், வீடே ரெண்டுபட்டது. அதற்கப்புறம் நாங்கள் இருவரும் கடிகாரத்தைப் பார்த்து அவர் தூங்குகிறாரா, சாப்பிடுகிறாரா என்று தெரிந்துகொள்வோம். எங்கள் சொந்த வேலைக்கு ஒன்றரை மணி கூட்டிக்கொள்வோம். வெளியில் சொன்னால் துபாய்க்காரி வீடு என்று கேலி பண்ணுவார்கள் என்பதால் நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளையான சக்கரபாணி அண்ணனே, கடிகாரம் ஸ்லோவாகப் போகிறது, சரி பண்ணித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டு, வாங்கிக் கட்டிக்கொண்டு போனவர்தான்.

இப்போது அங்கே ஐந்தரை. நாலு மணிக்குக் கிளம்பின விமானம். ஏறி ஒன்றரை மணிதான் ஆகிறது. அவர் இன்னும் கடலுக்கு மேலேதான் இருக்கிறார்.

டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். துபாயில் நாலு மணி என்றால் நமக்கு ஐந்தரை. அண்ணன் அங்கத்து நாலோடு ஓட்டம் மூன்றைக் கூட்டி, வந்ததை நம் மணி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். திருவண்ணாமலையில் எடுக்கிற பஸ் வேலூருக்குப் போனால் வேலூரிலும் அதே மணிதான் இருக்கும். அவர் கண்ட ஓட்டம் எல்லாம் அப்படி. பம்பாய் எட்டரை, மெட்ராஸ் ஒன்றரை, இங்கே வருவது ஐந்தரை. நாலு மணிக்கு எடுத்தால் என் புருஷன் வரும்போது சாம்பல்தான் இருக்கும்.

"அண்ணா, கெணத்தடிக்கு வாங்க," என்றேன்.

கிணற்றடியில் வைத்துச் சொன்னேன். முதலில் அவருக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. பல் விளக்குகிறவர்போல் வாயைக் கையால் மூடிக்கொண்டார்.

"எப்பிடிம்மா... ஓட்டம் மூணு மணி நேரம்தானே."

"ஓட்டம் மூணுதான். மணி ஒண்ணரை ஜாஸ்தி ஆயிடுது."

"இத்தினி வருஷ சர்வீசுல..." என்று ஆரம்பித்தவர் பாதியில் விட்டுவிட்டார். "மாமாகிட்ட போயி சொல்லிடறேன். என் தப்புதான். கால்ல உழறேன்."

"சொன்னா என்னா ஆவும்? அஞ்சரைக்குனு சொன்னா அவரு ஒத்துக்குவாரா? எப்பிடியும் வர மாட்டான், இப்பவே எடுங்கன்னுடுவாரு. நேத்து அட்லஸ் காட்டி நீங்க சொன்னதாலதான் நாலு வரைக்கும் உட்டாரு."

"அப்பறம் என்னாதான் பண்றது?"

அதை நான் முன்னாலேயே யோசித்துவிட்டேன். டீ டம்ளரைக் கீழே வைத்த நேரத்திலேயே யோசித்துவிட்டேன் என்று நினைக்கிறேன். "நாலு அடிச்சா எடுக்கணும்னுதானே சொன்னாரு. அடிக்கறது நம்ம வீட்டுக் கடியாரம்தானே. அது நாலு அடிக்கறப்ப இங்க அஞ்சரை. சரியா அவரு வர்ற நேரம். உங்க கணக்குல எவ்ளோ தப்போ, அதுலயும் அவ்ளோதான்."

அண்ணன் என்னைப் பயத்தோடு பார்த்தார். சாவு வீட்டில், அதுவும் சாமி வருகிற நாளில் இப்படி ஒரு காரியம் பண்ணுகிறவளை யாரும் பயத்தோடுதான் பார்ப்பார்கள். பிறகு கையிலிருந்த வாட்சைக் கழற்றினார். பட்டையின் தடம் வெள்ளையாகத் தெரிந்தது. வாட்சை மடித்த வேட்டியின் இடுப்பில் செருகிக்கொண்டார்.

மாமாவுக்கு வாட்ச் இல்லை. ஆனால் வருகிறவர்கள் போகிறவர்கள் கையில் இருக்கிறதே.

கடிகாரம் பன்னிரண்டு அடித்தபோது ஒன்றரை. அவர் மெட்ராஸில் இறங்கியிருக்க வேண்டும். இறங்கினாரா? பம்பாயில் மாறுகிற விமானம் கிடைத்ததா? எனக்கு விமானம் என்றால் எப்போதாவது மலைக்கு மேலே, எறும்பளவுக்கு, சத்தம் பின்னாலே வர, பறந்து போகிறதுதான். அதற்குள் ஆள் உட்கார்ந்து வருவதை நான் ஒருநாளும் முழுசாக நம்பியதில்லை. போனும் வரவில்லை. கண்ணாயிரம் அண்ணன் கடையைச் சாத்திவிட்டுப் போன் மணி கேட்கிற தூரத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்தார்.

செங்கம் பக்கத்திலிருந்து மாமியாரின் பிறந்த வீட்டுக்காரர்கள் கோடிப் புடவையோடு வந்தார்கள். மாட்டுப் பொங்கலை விட்டுவிட்டு வந்தவர்கள். மாட்டுக் கொம்புக்குச் சாயம் பூசின கை. அவர்களில் ஒருத்தர் கையில் வாட்ச் மின்னியதைப் பார்த்ததும் தண்ணீர் கொடுக்கிற சாக்கில் கிட்டே போய் முள்ளைப் பார்த்தேன். நல்லவேளை, அது ஓடாமல் நின்றுபோனது, அழகுக்குக் கட்டியது. எங்கள் தெருவில் ஒப்பாரிக்கு முன்னால் நிற்கிற பச்சையம்மாள் அக்கா பாடிக்கொண்டே தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். பாட்டு நின்றது. என்னைப் பார்த்தாள். நான் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டேன். மறுபடி பாட்டு ஆரம்பித்தது, முன்னைவிடச் சத்தமாக.

கடிகாரம் ஒன்று அடித்தது. இரண்டு அடித்தது. ஒவ்வொரு தடவையும் வாசலில் நாற்காலி கிறீச்சிடுவது கேட்கும். மாமா எழுந்து வானத்தைப் பார்ப்பார். வெயிலே இல்லை. நிழல் எங்கே விழுகிறது என்று பார்க்க வழியில்லை. மேகம் எனக்காகத்தான் வந்து நிற்கிறது என்று நினைத்துக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மூன்று அடித்தது. அதாவது நாலரை. பறைக்காரர்கள் வந்து தோலைக் காய்ச்ச வைக்கோல் கொளுத்தினார்கள். பாடை கட்ட மூங்கில் வந்துவிட்டது. அப்போது தெற்குத் தெருவிலிருந்து எங்களுக்கு ஒருவகையில் உறவான காசி மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு வாசலில் மாமா பக்கத்தில் போய் நின்றார். ஜன்னல் வழியாக எனக்கு எல்லாம் கேட்டது.

"என்னா மாமா, இன்னும் எடுக்கல? நாலு மணின்னாங்க. இப்ப நாலரைக்கு மேல ஆவுதே."

ஜோதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாலரையா?" என்றார் மாமா. "உள்ள இப்பதானே மூணு அடிச்சிது."

"மூணா? என் வாட்ச்ச பாருங்க."

சக்கரபாணி அண்ணன் கை இடுப்பில் செருகின வாட்சுக்குப் போயிற்று. அவர் வாயில் பொய் வராது. மணி விஷயத்தில் வரவே வராது. நான் எழுந்து போய் ஏதாவது சொல்லிவிடலாமா என்று எழுந்தும் விட்டேன். அதற்குள் பெஞ்சிலிருந்து கண்ணாயிரம் அண்ணன் குரல் வந்தது.

"அத ஏன்டா பாக்கற காசி. என் வாட்சும் அப்பிடித்தான், ஓட்டம் ஜாஸ்தி. மூட்டம் போட்டா எல்லா வாட்சும் முன்ன ஓடுது போல." தன் வாட்சைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு, சாவியைப் பின்பக்கமாகத் திருப்பினார். "பாரு, மூணு அஞ்சி."

காசி கண்ணாயிரம் அண்ணனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மணிக்கட்டு வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து தெரு முனைப் பக்கம் நடந்து போனார். போய் வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். எங்கே போனார் என்று யாரும் கேட்கவில்லை.

அதற்கப்புறம் உள்ள நேரம் எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. குளிப்பாட்டினோம். கோடி போர்த்தினோம். மாமியாரின் நெற்றியில் விபூதி பூசும்போது, "கொஞ்சம் பொறுத்துக்கங்க, வந்துனு இருக்காரு" என்று காதோடு சொன்னேன். திண்டிவனம் தாண்டியிருப்பார். செஞ்சிக்கோட்டை தாண்டியிருப்பார். கீழ்ப்பென்னாத்தூர் கிட்டே வந்திருப்பார். ஒவ்வொரு கார் ஹாரன் கேட்கும்போதும் ஜோதி வாசலுக்கு ஓடினாள். திருவூடலுக்கு வருகிற ஜனத்தின் சத்தம்தான். உள்ளே வெளிச்சம் குறைந்து விளக்கு பெரிதாகத் தெரிந்தது. எங்கேயோ நாகஸ்வரம் கேட்டது. சாமி மாட வீதியில் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கடிகாரம் நாலு அடித்தது.

அவர் வரவில்லை.

மாமா வாசலில் வந்து நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டார். "எடுங்க," என்றார்.

நான்கு பேர் உள்ளே வந்தார்கள். நான் நிலைப்படியில் குறுக்கே நின்றுவிட்டேன். மருமகள் பெரியவர்களுக்கு எதிரில் அப்படி நிற்பது எங்கள் பக்கத்தில் இல்லை. அன்று எனக்கு எதுவும் தோன்றவில்லை. வாக்குக் கொடுத்தது மட்டும்தான் தோன்றியது.

"மாமா, இன்னும் செத்த நேரம்."

"நாலு அடிச்சிட்டுதும்மா."

"நாலு இல்ல மாமா, அஞ்சரை. அண்ணன் போட்ட கணக்குல ஒண்ணரை மணி தப்பு. துபாயில நாலுன்னா நமக்கு அஞ்சரை. அந்தக் கடியாரமும் துபாய் மணி. காலைலயே தெரியும் எனக்கு. தெரிஞ்சிதான் உங்கள ஏமாத்துனேன். என்ன திட்டுங்க, அடிங்க. அவரு இப்ப வர்ற நேரம்தான். கிட்ட வந்திருப்பாரு."

மாமா என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"ஏமாத்துனியா?" என்றார். "உங்க வீட்டுக் கடியாரம் துபாய் மணின்னு இந்தத் தெருவுல யாருக்கும்மா தெரியாது? ரெண்டு வருஷமா உம் மாமியா தெனம் கொழாயடில நின்னு, எம்புள்ள இப்பதான் எழுந்திருப்பான், எம்புள்ள இப்பதான் சோறு துன்னுவான்னு கொடம் ரொம்பற வரைக்கும் சொல்லுமே. தண்ணி புடிக்கற பொம்பளைங்கள்லாம் வீட்ல வந்து சொல்லிச் சிரிக்குங்க."

நான் பச்சையம்மாள் அக்காவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பெஞ்சில் கண்ணாயிரம் அண்ணன் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் மறைத்து வைத்தது எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்து, ஒரு தெரு முழுக்க நாள் முழுக்க எனக்காகச் சும்மா இருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, அவர்கள் காலில் விழ வேண்டும் போலவும் இருந்தது.

"சாமி தெரு முனைக்கு வந்து எம்மாம் நேரம் ஆவுது தெரியுமா?" என்றார் மாமா. "நாந்தான் போயி, கொஞ்சம் எறக்கி வச்சி நில்லுங்கப்பான்னு கேட்டுகினு வந்தேன். தாங்கற ஆளுங்க நிக்கறாங்க, அய்யரு நிக்கறாரு, அம்மாம் ஜனம் நிக்குது. இருட்டப் போவுது. இதுக்கு மேல சாமிய நிறுத்தி வைக்க நான் யாரும்மா? உம் மாமியாதான் பொறுக்குமா?"

மாமியார் ஒவ்வொரு வருஷமும் திருவூடலுக்கு மத்தியானத்திலிருந்தே தேங்காயோடு வாசலில் நிற்கிறவர். தன்னால் சாமி தெரு முனையில் நிற்கிறது என்று தெரிந்தால் எழுந்து என்னை நாலு அறை விட்டிருப்பார்.

"எடுங்க மாமா," என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன். சொன்னது என் வாய்தான். நெஞ்சு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் காரில் வருகிற நேரத்தில் நானே அவர் அம்மாவை அனுப்பிவிட்டேன்.

வாய்க்கரிசி போட்டோம். நெய்ப்பந்தம் பிடித்தார்கள். மாமாவின் மகன் தயங்கித் தயங்கிக் கொள்ளிச் சட்டியை எடுத்தான். பாடை மேற்குப் பக்கமாகப் போயிற்று. பெண்கள் நாங்கள் முச்சந்தி வரைக்கும் போய் நின்றோம். அதற்குமேல் எங்களுக்கு வழியில்லை. சங்கும் பறையும் தூரம் போக ஆரம்பித்தன.

அழுதுகொண்டு நிற்க நேரமில்லை. பச்சையம்மாள் அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, "வாங்கடி" என்றாள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் குடமும் வாளியுமாக வந்தார்கள். தெரு நெடுகத் தண்ணீரை வீசிப் பெருக்கினார்கள். சாவு வீட்டுக்காரி வரக்கூடாது என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்கவில்லை. என் வீட்டு வாசலை நான்தான் கழுவுவேன் என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டேன். கிழக்கு முனையில் தீவட்டி வெளிச்சமும் நாகஸ்வரமும். மேற்கே பறை. இரண்டுக்கும் நடுவில் நான் குனிந்து கூட்டிக்கொண்டிருந்தேன். வந்து இறங்கி அவர் கேட்கப் போகிற முதல் கேள்விக்கு என்ன சொல்வது என்று தேடிக்கொண்டே கூட்டினேன்.

பறை நின்றது.

நிமிர்ந்தேன். பாதி வழியில் பாடையை இறக்கித் திருப்புகிற இடம் உண்டு, அங்கே கொஞ்சம் நிற்கும். அதுதான் என்று மறுபடி குனிந்தேன். ஆனால் மறுபடி அடிக்கவில்லை. ஒரு குடம் தண்ணீர் ஊற்றி முடித்தேன். இன்னும் அடிக்கவில்லை. ஜோதி துடைப்பத்தோடு அப்படியே நின்றாள். தெருவில் எல்லாப் பெண்களும் நின்றுவிட்டார்கள்.

மேற்கிலிருந்து சக்கரபாணி அண்ணன் யாருடைய சைக்கிளையோ மிதித்துக்கொண்டு வந்தார். ஈரத்தில் வழுக்கி, காலை ஊன்றி, எங்கள் வாசலில் நின்றார். பேச முடியாமல் மூச்சு வாங்கியது.

"வந்துட்டான்," என்றார். "கூட்டம் கண்டு போலீசு நம்ம தெருவுக்குள்ள கார உடல. சுத்திகினு பெரிய ரோட்டுல வந்திருக்கான். பறச் சத்தம் கேட்டு, ஓடற கார்லருந்தே கதவத் தொறந்துட்டான்மா. பெட்டி எல்லாம் கார்லயே கெடக்குது. மாமா எறக்கச் சொல்லி, மொகத்துத் துணிய அவரே வெலக்கிக் காட்டுனாரு. பாத்துட்டான். நல்லா பாத்துட்டான். கொள்ளிச் சட்டி இப்ப அவன் கைல."

ஜோதி ஓவென்று அழுதாள். கழுவின வாசலிலேயே, அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். எனக்கும் அழுகை வந்தது. மாமியாருக்காகவா, அவருக்காகவா, தெரியவில்லை. மேற்கே பறை மறுபடி ஆரம்பித்தது.

"எழுந்திரும்மா, சாமி நிக்குது," என்று பச்சையம்மாள் அக்கா என் தோளைத் தொட்டாள்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன். தீட்டு வீடு, சாமி போகும்போது கதவைச் சாத்திக்கொள்ள வேண்டும். உட்கார்ந்த இடத்தில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டு, துடைப்பத்தை ஓரமாக வைத்தேன்.

"எங்க வாசல் கழுவியாச்சிக்கா," என்றேன். "சாமிய வரச் சொல்லுங்க."